தேக்கடியில் படகு ஏறினால் கரையைப் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். சாப்பிட்டுவிட்டு, திண்ணையிலோ கட்டிலிலோ சாய்ந்துகொண்டு படிக்க வேண்டியது. வரலாற்று வாத்தியார் எழுதினால் வேறு எப்படி இருக்கும்?

லீவு நாள் வந்தால் போதும், நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் குமுளி ஏறிவிடுகிறார்கள். அன்று சாயங்காலமே தேக்கடி போட்டிங் படங்கள் வந்துவிடும். என்னிடம் படித்த பிள்ளை ஒருவர், இப்போது அவருக்கே இரண்டு குழந்தைகள், இப்படி எழுதியிருந்தார்: "போட்டிங் நல்லா இருந்துச்சு சார். ஆனா தண்ணி ரொம்ப இறங்கிப் போச்சு. கரையெல்லாம் செம்மண்ணா, பார்க்கவே நல்லா இல்ல."

அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அவர் நல்லா இல்லை என்று சொன்ன செம்மண் கரை, அவருடைய அப்பாவின் வயலுக்குப் போன தண்ணீர் விட்டுவைத்த தடம். ஏரி இறங்கினால்தான் நம்ம வாய்க்கால் ஏறும். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கம் பிறந்த ஒருவர் அந்தப் படகில் உட்கார்ந்தால், வெளியூர்க்காரருக்குத் தெரியாத இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அதனால் அந்த ஏரியில் ஓடிய படகுகளின் கதையைச் சொல்கிறேன். அது சரக்குப் படகில் தொடங்கி, ராஜா படகு, டிக்கெட் படகு, தமிழ்நாடு அரசுப் படகு என்று போய் மூங்கில் தெப்பத்தில் வந்து நிற்கும்.

முதலில் ஒன்று. நம்ம பள்ளத்தாக்கில் படகுக்கு வேலையே இருந்ததில்லை. காவிரிக்கரையில் பரிசல் உண்டு, சென்னைப் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் படகில் போனதுண்டு. நமக்கு வைகை, சுருளியாறு, வராக நதி, கொட்டகுடி ஆறு. எல்லாம் மழைக்குப் புரண்டு வந்து, வெயிலுக்கு மணலாகிவிடும் ஆறுகள். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒரு நாள் நிம்மதியாகத் தண்ணீர் மேல் போக வேண்டுமென்றால் மலை ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே போய் நாம் மிதப்பது ஒரு ஆற்றின் மேல். ஆனால் அந்த ஆறு ஓடவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள்: "சார், பெரியாறு ஆறா, ஏரியா?" நல்ல கேள்வி. 1895க்கு முன்னால் அது வெறும் ஆறு. சிவகிரி மலைப் பக்கம் பிறந்து, அடர்ந்த காட்டுக்குள் ஓடி, மேற்கே போய்க் கடலில் விழுந்த ஆறு. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம். இந்தப் பக்கம் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் சீமைகளில் பஞ்சம்.

அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பலாமே என்ற எண்ணம் வெள்ளைக்காரருக்கு முதலில் வந்ததல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை, ஆட்களை மலைக்கு அனுப்பி வழி பார்த்துவரச் சொன்னார். செலவு தாங்காது என்று அது நின்றுபோனது. 1808இல் கேப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு, இது நடக்கிற காரியமே இல்லை என்று எழுதி வைத்தார். 1850இல் சின்ன அளவில் ஒரு வேலை தொடங்கியது. மலைக்காய்ச்சல் வந்து கூலியாட்கள் நிற்காததால் அதையும் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தது 1876–78 தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்களின் எண்ணிக்கைதான் சர்க்காரை உலுக்கியது. 1882இல் திட்ட மதிப்பீடு தயாரிக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுவிக்கிடம் வந்தது.

1886 அக்டோபர் 29ஆம் தேதி, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. சமஸ்தானத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டவர் திவான் ராமையங்கார். தண்ணீர் நிற்கப்போகும் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வாடகை, 999 வருஷக் குத்தகை. இந்த விவரம் நம்ம ஊரில் டீக்கடையில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியும். பலருக்குத் தெரியாத ஒரு விவரம், அந்த நீரில் மீன் பிடிக்கும் உரிமையும் குத்தகையில் சேர்ந்து வந்தது என்பது. தண்ணீரே தேங்காத காலத்தில், அதில் நீந்தப்போகும் மீனுக்கும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்!

இப்போது முதல் படகுக்கு வருகிறேன். அதில் உல்லாசம் துளியும் கிடையாது.

அணை கட்டும் இடம் நடுக்காடு. சாலை இல்லை. ரயிலில் வந்த சாமான்கள் இறங்கியது அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோட்டில். அங்கிருந்து மாட்டு வண்டிகள் நாள் கணக்கில் நடந்து நம்ம பள்ளத்தாக்கு வழியாக மலையடிவாரத்துக்கு வந்தன. சுண்ணாம்பு, சுர்க்கி, இரும்பு, அரிசி எல்லாம் இந்த வழிதான். லோயர் கேம்ப் பக்கம் குருவனூத்து என்று ஒரு இடம் உண்டு, பாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் பெயர் கேட்டிருப்பீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து மலை உச்சிக்கு ஆகாயத்தில் கம்பிவடம் கட்டிச் சரக்கை ஏற்றினார்கள். மேலே தேக்கடிப் பக்கம் இறங்கிய சரக்கு, அங்கிருந்து தண்ணீர் வழியாகப் படகுகளில் அணை கட்டும் இடத்துக்குப் போனது.

அந்தத் தண்ணீரில் ஓடிய முதல் படகுகள் அப்படிச் சுமை தூக்கியவைதான். அவற்றைச் செலுத்தியவர்கள் யானை பார்க்கப் போகவில்லை, யானைக்குப் பயந்துகொண்டு போனார்கள். மழை, அட்டை, மலேரியா, காலரா. வேலையில் மதராஸ் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாலியன்காரர்கள் இருந்தார்கள். மரவேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துகீசிய வழித் தச்சர்கள் வந்தார்கள். நம்ம பக்கத்து ஊர்களிலிருந்து போன கூலியாட்கள் ஏராளம். கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நோயில் மட்டும் 483 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அவர்களைப் புதைத்த இடம் அணைக்குப் பக்கத்திலேயே காட்டுக்குள் இருக்கிறது. சுற்றுலாப் படகு அதுவரை போவதில்லை.

பென்னிகுவிக் தன் வீட்டு நகையையும் சொத்தையும் விற்று அணை கட்டினார் என்று நம்ம ஊரில் பாட்டிமார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். கதை எப்படி இருந்தாலும், அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் வந்தது. எனக்கு இதில் ஒரு ஆசை மட்டும் உண்டு. அவருக்கு மாலை போடும்போது, பெயர் தெரியாத அந்தப் படகோட்டிக்கும் வண்டிக்காரருக்கும் சேர்த்து ஒரு பூ வைக்க வேண்டும்.

1895 அக்டோபர் 10ஆம் தேதி சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே போன தண்ணீர், மலையைக் குடைந்த ஒரு மைலுக்கும் சற்று அதிகமான குகைப்பாதை வழியாகக் கிழக்கே திரும்பியது. அணைக்குப் பின்னால் காடு மெல்ல மெல்ல மூழ்கியது. மரங்களை வெட்டி அகற்றாமலே தண்ணீர் ஏறிய இடங்களில் அவை நின்றபடியே செத்தன. படகில் போகும்போது தண்ணீருக்கு நடுவே கறுப்பாக நிற்கும் மொட்டை மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஏதோ அலங்காரத்துக்கு நட்டவை இல்லை. நூற்று இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகத் தண்ணீரில் நிற்கும் பழைய காட்டின் எலும்புகள். இன்று அவற்றில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

இதே மாதிரி ஒரு காட்சி உலகின் இன்னொரு மூலையிலும் உண்டு. பனாமா கால்வாய்க்காக சாக்ரஸ் ஆற்றை மறித்து 1913இல் காட்டூன் ஏரியை உண்டாக்கினார்கள். அங்கேயும் காடு மூழ்கியது, ஊர்கள் மூழ்கின, வேலையாட்கள் காய்ச்சலில் செத்தார்கள். இன்று அதே ஏரியின் மேல் ஆயிரக்கணக்கான பயணிகளோடு உல்லாசக் கப்பல்கள் போகின்றன. நம்ம அணை அதற்குப் பதினெட்டு வருஷம் மூத்தது. உலகத்தில் மனிதன் உண்டாக்கிய ஏரிகளில் பலவற்றுக்கும் இதே ஜாதகம்தான். முதலில் கூலியாளின் படகு, பிறகு பெரிய மனிதரின் படகு, கடைசியில் டிக்கெட் வாங்கியவரின் படகு.

அந்த இரண்டாவது படகு இப்போது. ஏரி நிறைந்த பிறகு அதன் அழகு திருவிதாங்கூர் அரண்மனையின் கண்ணில் பட்டது. நிலம் குத்தகைக்குப் போனாலும் சுற்றியுள்ள காடு சமஸ்தானத்தினுடையது. 1899இலேயே ஏரியைச் சுற்றிய காட்டைக் காப்புக்காடு ஆக்கினார்கள். பிறகு எடப்பாளையம் என்ற இடத்தில், தண்ணீர் சூழ்ந்த ஒரு மேட்டில், மகாராஜாவுக்கு ஒரு கோடை மாளிகை எழுந்தது. படகில் ஏறினால்தான் அங்கே போக முடியும். ராஜாவும் விருந்தாளிகளும் தனிப் படகில் சாவகாசமாக ஏரியைச் சுற்றி, கரையில் தண்ணீர் குடிக்க வந்த மிருகங்களைப் பார்த்த காலம் அது. தனிப் படகில் ஒரு நாள் பூராவும் ஆற்றில் மிதப்பது என்றால், இந்தப் பகுதியில் அதை முதலில் அனுபவித்தவர்கள் அவர்கள்தான். அந்த மாளிகை இன்று கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல்.

ராஜாவின் படகுப் பயணத்தால் ஒரு நல்லதும் நடந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், 1934இல், ஏரியைச் சுற்றிய காடு வேட்டை விலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1950இல் அது பெரியாறு வனவிலங்கு சரணாலயம் ஆனது, 1978இல் புலிகள் காப்பகம். அந்தக் காடு நின்றதால்தான் ஏரிக்கு இன்னும் ஓடைகள் வருகின்றன. தண்ணீரைக் கட்டியது அணை. தண்ணீரைத் தருவது காடு. நம்ம வயல் இரண்டுக்கும் கடன்பட்டது.

இந்த இடத்தில் மறக்கக்கூடாதவர்கள் மன்னான், பளியர் மக்கள். ராஜாவுக்கும் முன்னால், பென்னிகுவிக்குக்கும் முன்னால், அந்தக் காட்டில் இருந்தவர்கள். மன்னான் மக்கள் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலை ஏறியவர்கள் என்றே சொல்வார்கள், பேச்சும் நம்ம பேச்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். காட்டைக் காப்பகமாக்கியபோது அவர்களைக் குமுளிப் பக்கம் ஓரமாகக் குடியமர்த்தினார்கள். ஏரியில் மீன் பிடிப்பது அவர்களுக்குப் பிழைப்பாயிற்று. மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம்தான் அவர்கள் படகு. அந்தத் தெப்பத்துக்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது படகு நமக்கெல்லாம் தெரிந்த டிக்கெட் படகு. சுதந்திரத்துக்குப் பிறகு ராஜா போன தண்ணீரில் நாமும் போகலாம் என்றாயிற்று. கம்பத்தில் பஸ் ஏறினால் குமுளி. அங்கிருந்து ஜீப்பிலோ நடந்தோ தேக்கடிப் படகுத்துறை. எண்பதுகளில் பள்ளிச் சுற்றுலா என்றால் எங்களுக்குத் தேக்கடிதான். நாலைந்து ஆசிரியர்கள், எண்பது பிள்ளைகள், ஒரு அண்டா புளியோதரை. படகில் ஏறியதும் தலையை எண்ணுவேன், பாதி வழியில் ஒரு முறை, இறங்கியதும் ஒரு முறை. பிள்ளைகள் "டேய், யானை!" என்று கத்தியதும் படகில் இருக்கிற அத்தனை பேரும் அந்தப் பக்கம் பாய்வார்கள். நான் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டு பாதிப் பேரைச் சட்டையைப் பிடித்து இழுப்பேன். "சார் மட்டும் யானையே பார்க்க மாட்டேங்கிறாரு" என்று கேலி செய்வார்கள்.

2009 செப்டம்பர் 30. அந்தத் தேதியை நம்ம பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அன்று சாயங்காலம் 'ஜலகன்யகா' என்ற புதிய இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஏரியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். வெளிமாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். ஓய்வு பெற்ற நீதிபதி மொய்தீன் குஞ்சு தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு உயிர்க்கவசம் இல்லாமல் யாரையும் படகில் உட்கார விடுவதில்லை. ஆரஞ்சு நிறத்தில் அதை மாட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கும்போது கழற்றிவிட்டு நிற்காதீர்கள். 45 உயிருக்குப் பிறகு கட்டாயமான சட்டை அது. அமைதியாகத் தெரியும் அந்தத் தண்ணீரின் அடியில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது படகை, ஏரிக்குப் போனவர்களில் பாதிப் பேர் பார்த்தும் கவனித்திருக்க மாட்டார்கள். தேக்கடித் துறையில் சுற்றுலாப் படகுகளுக்கு ஒதுக்குப்புறமாக ஒரு சின்னப் படகு நிற்கும். தமிழ்நாடு அரசின் படகு. 'கண்ணகி' என்று ஒன்று, 'ஜலரத்னா' என்று ஒன்று. கண்ணகி என்ற பெயர் ஏன் என்று நம்ம ஊர்க்காரருக்கு விளக்க வேண்டாம். அதே மலைத்தொடரின் உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது, சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் நாம் ஏறுகிறோம்.

அந்தப் படகில் போகிறவர்கள் நம்ம பொறியாளர்களும் ஊழியர்களும். அணையும் ஏரியும் இருப்பது கேரளத்தில், அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. அணைக்குப் போக வேண்டுமென்றால் ஏரியைத் தாண்டி, தண்ணீரிலேயே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மழையானாலும் காற்றானாலும் போய், நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, கசிவு எவ்வளவு என்று பார்த்து எழுதுகிறார்கள். காலையில் பேப்பரைத் திறந்ததும் நம்ம விவசாயி முதலில் தேடுகிற "முல்லைப் பெரியாறு நீர்மட்டம்" என்ற அந்த ஒற்றை வரி அப்படி வருகிறது. 'தமிழ் அன்னை' என்ற புதுப் படகு வாங்கி, அனுமதிக்காக வருஷக்கணக்கில் கரையில் காத்துக் கிடந்த கதையையும் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஒரு படகு ஓடுவதற்கும் ஓடாததற்கும் இரண்டு மாநிலம் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தண்ணீரின் கனம் என்னவென்று பாருங்கள்.

அந்தக் கனத்தின் சுருக்கம் இதுதான். 1970 மே 29ஆம் தேதி குத்தகைக்குத் துணை ஒப்பந்தம் போட்டார்கள். வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு உறுதியானது. அணையின் முழு அளவு 152 அடி. 1979இல் பாதுகாப்பு பற்றிய அச்சம் எழுந்ததும் 136 அடியாகக் குறைத்து, அணையைப் பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷம் நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டபோது நம்ம ஊர்களில் வெடி போட்டதும், அதே நேரத்தில் அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறு, உப்புத்துறை மக்கள் பயந்துகொண்டு தூங்காமல் கிடந்ததும் இரண்டுமே உண்மை. அணைக்குக் கீழே வீடு வைத்திருக்கிறவரின் பயத்தைக் கேலி செய்வது நமக்கு அழகில்லை. 2011 டிசம்பரில் குமுளி வழி அடைபட்டபோது, ஏலத்தோட்ட வேலைக்குப் போன நம்ம பெண்கள் இறங்கி வந்து வேலையில்லாமல் நின்றார்கள். அங்கே குமுளிக் கடைக்காரர்களும் படகுத்துறைக்காரர்களும் ஆள் வராமல் உட்கார்ந்திருந்தார்கள். சண்டையில் இரண்டு பக்கத்து ஏழைதான் காய்ந்தான்.

கடைசியாக அந்த மூங்கில் தெப்பம். ஒரு நாள் முழுக்கச் சாவகாசமாகத் தண்ணீரில் இருக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தொண்ணூறுகளின் கடைசியில் பெரியாறு காப்பகத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. காட்டை நம்பி, சட்டத்துக்கு மாறாக மரப்பட்டை உரித்தும் வேட்டையாடியும் பிழைத்தவர்களைக் கூப்பிட்டு, இனி நீங்களே காவல், நீங்களே வழிகாட்டி என்று மாற்றினார்கள். பழங்குடி மக்களும் அதில் சேர்ந்தார்கள். காலையில் சின்னக் குழுவாகக் கிளம்பி, காட்டுக்குள் நடந்து, பிறகு தெப்பத்தில் ஏறித் துடுப்பு வலித்து, சாயங்காலம் திரும்புவது. எஞ்சின் சத்தம் இல்லை. தண்ணீரில் நீர்நாய்க் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்ப்பதைத் தெப்பத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் பார்க்கலாம். ஒரு காலத்தில் எதைப் பிழைப்புக்குக் கட்டினார்களோ, அதே தெப்பத்தில்தான் இன்று நம்மை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ராஜாவின் தனிப் படகுக்குக் கிடைக்காத மரியாதையை நான் இந்தத் தெப்பத்துக்குக் கொடுப்பேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எந்தப் படகில் ஏறினாலும் கொஞ்ச நேரம் யானையை மறந்துவிட்டுக் கரையைப் பாருங்கள்.

தண்ணீருக்கும் பச்சைக் காட்டுக்கும் நடுவில் மரமில்லாத ஒரு பட்டை தெரியும். தண்ணீர் ஏறி இறங்கும் இடம் அது. பட்டை அகலமாக இருந்தால் மழை பொய்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்க வேண்டும். நல்ல மழை பெய்த வருஷத்தில் அது நம்ம நெல்லின் அகலம். பட்டையே இல்லாமல் தண்ணீர் காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் படத்துக்கு அழகுதான், ஆனால் அது இன்னும் சேமிப்பில் இருக்கும் தண்ணீர். ஒரு கணக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 104 அடிக்குக் கீழே போனால் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் எடுக்க முடியாது, குகைப்பாதைக்குள் ஏறாது. 142க்கும் 104க்கும் நடுவில் இருக்கும் 38 அடிதான் நம்ம வாழ்வு.

தேக்கடியில் தலைமதகுப் பக்கம் வந்ததும் படகு நின்றுவிடும். தண்ணீர் நிற்காது. அது மலைக்குள் நுழைந்து, இந்தப் பக்கம் வெளியே வந்து, நாலு ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப்புக்கு இறங்குகிறது. அங்கே 1958 முதல் மின்சாரம் தருகிறது. குழாயில் அடங்காததும், மின் நிலையத்தை ஒதுக்கி விடுவதும் இரைச்சல் பாலம் வழியாகக் குதிக்கும். பெயருக்கு ஏற்ற சத்தம். பிறகு அதே தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிகிறது. வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வந்தவர்கள் குளிப்பதும் அதில்தான். தேனிக்குப் பக்கத்தில் வைகையில் கலந்து, வைகை அணையில் தங்கி, மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது. முத்திருளப்ப பிள்ளை எந்தச் சீமைக்காக ஆளனுப்பினாரோ, அதே சீமைக்கு.

அதனால் பிள்ளைகளே, தேக்கடிக்குப் போய்விட்டு இறங்கும்போது லோயர் கேம்ப்பில் பஸ்ஸை விட்டு ஒரு பத்து நிமிஷம் இறங்குங்கள். குழந்தைகளை இரைச்சல் பாலத்துப் பக்கம் கூட்டிப்போய், "மேலே நீ மிதந்த தண்ணி இதுதான்" என்று காட்டுங்கள். ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. பாடப்புத்தகத்தில் ஒரு வருஷம் படித்தாலும் வராத வரலாறு, அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும்.

உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி யாராவது அணை வேலைக்குப் போனவர்களின் கதை, வண்டி ஓட்டியவர்களின் கதை, படகில் சாமான் ஏற்றியவர்களின் கதை என்று எதையாவது கேட்டு வைத்திருந்தால், இப்போதே உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பென்னிகுவிக் பெயர் கல்லில் இருக்கிறது, அது அழியாது. அவர்கள் பெயர் நம்ம பெரியவர்களின் வாயில் மட்டும்தான் இருக்கிறது.